ஐந்தாண்டுக் கணக்கு

மலேசியாவில் பெருங்குடல் புற்றுநோய் கண்டவர்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் 56.8 விழுக்காடு. 2007 முதல் 2011 வரை நோய் கண்டறியப்பட்டவர்களை 2016 இறுதிவரை பின்தொடர்ந்து, புத்ராஜெயாவிலுள்ள தேசியப் புற்றுநோய்க் கழகம் 2018இல் வெளியிட்ட கணக்கு இது. அதே அறிக்கையில் மார்பகப் புற்றுநோய்க்கு 66.8, நுரையீரலுக்கு வெறும் 11. தைராய்டு என்றால் 82.3. நுரையீரல் என்றால் குடும்பம் மனத்தைத் தயார்படுத்திக்கொள்கிறது. தைராய்டு என்றால் மூச்சு விடுகிறது. பெருங்குடல் நடுவில் நிற்கிறது. பாதிக்குச் சற்று மேல் பிழைக்கிறார்கள் என்றால், நம் வீட்டு ஆள் எந்தப் பாதியில்? உயிர்வாழ்வைக் கணிக்கும் வேலை இந்த நோயில் இவ்வளவு வளர்ந்ததற்கு இந்தக் கேள்விதான் காரணம்.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி ஒருவர் ஈப்போவில் குடலில் ஒரு சாண் நீளத்தை வெட்டியெடுத்த பிறகு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 56.8 அவருக்கு என்ன சொல்கிறது? அறுவை செய்யவே முடியாதவர்கள், நோய் கல்லீரல்வரை போனவர்கள், தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட சின்னக் கட்டிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்த சராசரி அது. அவருக்கு வேண்டிய விடை அவரிடமிருந்து வெட்டியெடுத்த அந்த ஒரு சாண் குடலிலிருந்து தொடங்குகிறது.

ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனை (பழைய ஆட்களுக்கு இன்னும் ‘ஈப்போ ஜெனரல் ஆஸ்பத்திரி’தான்) ஆனாலும் லண்டன் ஆனாலும் வேலை ஒன்றுதான். வெட்டிய குடலை நீளவாக்கில் கத்தரித்து, பலகையில் ஊசி குத்தி விரித்து, ஃபார்மலினில் ஊறவைக்கிறார்கள். திசு இறுகியதும் வெட்டுவிளிம்பில் மை பூசுகிறார்கள். பிறகு நுண்ணோக்கியில் பார்க்கும்போது அந்த மைக்கோட்டுக்கும் புற்றணுவுக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க அதுதான் அடையாளம். கட்டி குடல்சுவரின் எந்த அடுக்குவரை துளைத்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். அடுத்ததுதான் பொறுமை வேண்டிய வேலை. குடலோடு ஒட்டிவந்த மஞ்சள் கொழுப்பை மெல்லிசாகச் சீவி, சீவல் சீவலாக விரலால் நெருடி நிணநீர்க் கணுக்களைத் தேட வேண்டும். பல கணுக்கள் கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கும். 12 கணுவாவது தேறினால்தான் ‘கணுக்களில் நோய் இல்லை’ என்று நம்பிச் சொல்லலாம் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட அளவு. ஐந்தே கணுவைப் பார்த்துவிட்டு ஐந்தும் சுத்தம் என்று எழுதினால், அந்த நோயாளி உண்மையில் கணுவுக்குப் பரவாத இரண்டாம் நிலையில் இருக்கிறாரா, பரவிய மூன்றாம் நிலையிலா என்பது யாருக்கும் தெரியாது. கணிப்பின் முதல் பிழை பெரும்பாலும் கொழுப்பைச் சீவும் மேசையில்தான் நடக்கிறது, கணினியில் இல்லை.

இந்த முறைக்கு அடி போட்டவர் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் நோயியல் நிபுணர் கத்பர்ட் டியூக்ஸ். 1932இல் அவர் மலக்குடல் புற்றுநோயை மூன்றாகப் பிரித்தார்: சுவருக்குள் அடங்கியது, சுவரைத் தாண்டியது, கணுவுக்குப் போனது. அவ்வளவுதான். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த மூன்று கேள்விகளைத் தாண்டி நாம் ரொம்ப தூரம் போய்விடவில்லை என்பது என் எண்ணம். பிரெஞ்சு மருத்துவர் பியர் டெனுவா 1940களில் வகுத்த கட்டி, கணு, பரவல் என்ற முறை இன்று எல்லா மருத்துவமனைகளிலும் வழங்குகிறது. அதற்குள்ளும் டியூக்ஸ் உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் அந்த முறையிலிருந்து பெறும் ஒன்று முதல் நான்கு வரையான நிலைகள் படிக்கட்டு மாதிரி ஒழுங்காக இறங்குவதில்லை. அமெரிக்கப் பதிவேட்டில் 1991 முதல் 2000 வரை இருந்த 1,19,363 பெருங்குடல் நோயாளிகளை ஆராய்ந்து 2004இல் வெளியான ஒரு கட்டுரை இதைப் பட்டவர்த்தனமாகக் காட்டியது. ஒன்றாம் நிலையில் ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் 93.2 விழுக்காடு. கட்டி சுவரை முழுக்கத் துளைத்து வெளியே வந்த, ஆனால் கணுக்கள் சுத்தமாக இருந்த 2பி நிலையில் 72.2. கட்டி சிறிதாக இருந்தும் ஒன்று முதல் மூன்று கணுக்களில் நோய் ஏறிவிட்ட 3ஏ நிலையில் 83.4. கணுவுக்குப் பரவியவர் பரவாதவரைவிட அதிகம் பிழைத்தார்! காரணம் ஊகிக்கக்கூடியதுதான். 3ஏ காரர்களின் கட்டி சின்னது. அதோடு கணுவில் நோய் என்றதும் அவர்களுக்குக் கீமோ கிடைத்தது. 2பி காரர்களில் பலரை ‘கணு சுத்தம், கவலை வேண்டாம்’ என்று அனுப்பிவிட்டார்கள். அதாவது நிலை என்பது நோயின் அளவை மட்டும் காட்டுவதில்லை. அந்த நிலையைப் பார்த்து மருத்துவர் என்ன செய்தார் என்பதும் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கிறது. ‘மூன்றாம் நிலை’ என்றதும் முடிந்தது என்று அழும் குடும்பங்களுக்கு இந்த ஒரு வரியையாவது யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

மருத்துவர் என்ன செய்தார் என்பதில் கத்தி பிடித்த கையும் சேர்த்திதான். மலக்குடல் இடுப்பெலும்புக் கூட்டுக்குள், குறுகிய இடத்தில் இருப்பது. அதைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. அந்த உறை கிழியாமல் முழுசாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்று இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பில் ஹீல்ட் 1982இல் எழுதினார். 1986இல் லீட்ஸ் நகரின் ஃபில் குவிர்க் 52 நோயாளிகளின் திசுக்களைக் குறுக்கே சீவிப் பார்த்தார். 14 பேரின் பக்க விளிம்பில் புற்றணு இருந்தது. அந்த 14இல் 12 பேருக்கு இடுப்புக்குள்ளேயே நோய் திரும்பியது. அதுவரை ‘நோய் பொல்லாதது’ என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்த பல மரணங்களில் அறுவை மேசைக்கும் பங்கு உண்டு என்று அந்தச் சின்ன ஆய்வு சொன்னது. நோயாளியின் வயது, கட்டியின் அளவு என்று காரணிகளை அடுக்கும் கணிப்பு வாய்பாடுகள் பலவற்றில் ‘யார் அறுத்தார்’ என்ற கட்டம் மட்டும் இன்னமும் இருக்காது.

எண்களைப் படிப்பதிலும் ஒரு கண்கட்டு உண்டு. சி.டி. ஸ்கேன் நுட்பமாக ஆக, முன்பு கண்ணில் படாத கல்லீரல் புள்ளிகள் இன்று தெரிகின்றன. நேற்று மூன்றாம் நிலை என்று எழுதப்பட்டிருக்க வேண்டியவர் இன்று, நோய் வேறு உறுப்புக்குப் பரவிய நான்காம் நிலைக்குப் போகிறார். மூன்றாம் நிலையின் மிக மோசமான ஆள் வெளியேறியதால் அங்கே சராசரி ஏறுகிறது. நான்காம் நிலைக்கு அவர் அங்குள்ளவர்களைவிடத் தேவலை என்பதால் அங்கும் ஏறுகிறது. ஒருவர்கூட ஒரு நாள் அதிகம் வாழாமலே இரண்டு நிலைகளின் கணக்கும் மேம்பட்டுவிடும். ஆல்வன் ஃபைன்ஸ்டைன் 1985இல் இதை எடுத்துக்காட்டினார். ஆகவே பத்தாண்டுக்கு முந்தைய எண்ணை இன்றைய எண்ணோடு நிலைவாரியாக ஒப்பிட்டுப் பெருமைப்படுவதற்கு முன் எல்லா நிலைகளையும் சேர்த்த மொத்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

பேராக்குக்கு வருவோம். மலேசிய ரப்பரின் கதை தொடங்கிய மாநிலங்களில் இது முதன்மையானது. 1877இல் வந்த கன்றுகளை நட்ட கோலகங்சாரில், அந்தத் தலைமுறை மரம் ஒன்றை இன்றும் காட்டுவார்கள். சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, சுங்காய், தெலுக் இந்தான் என்று தோட்டங்கள் பரவின. லயத்து வீடும் கள்ளுக்கடையும் கோயிலும் போலவே தோட்ட ஆஸ்பத்திரியும், அதற்குள் டிரெசர் என்ற மருத்துவ உதவியாளரும் உண்டு. அந்த டிரெசரைப் புனிதராக்க வேண்டியதில்லை. எல்லா நோய்க்கும் ஒரே மிக்ஸ்சரைக் கலக்கிக் கொடுத்தவர்கள் ஏராளம். ஆனாலும் எந்த லயத்தில் யாருக்கு எத்தனை நாளாக வயிறு சரியில்லை என்பது அவருக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு மாறி, பிறகு வீட்டுமனைகளாகவும் ஆனபோது தொழிலாளர்கள் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். டிரெசர் போனார். அவர் இடத்துக்கு, நோயாளியைத் தேடி வருகிற யாரும் வரவில்லை. நோயாளிதான் அரசுச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானைத் தேடிப் போக வேண்டும்.

போவதற்கு எது தடை? மலத்தில் ரத்தம் கண்டால் நம் வீடுகளில் முதலில் வருகிற சொல் ‘மூலம்’. உடம்புச் சூடு என்று சொல்லி இளநீரும் வெந்தயமும் கொடுத்து, காரத்தைக் குறைத்து, ஆறு மாதம் ஓட்டிவிடுவோம். மூலமாகவே இருக்கவும் வாய்ப்பு அதிகம், அதுதான் சிக்கல். கூடவே வெட்கம். பின்பக்கத்துச் சங்கதியை மகளிடமோ மருமகளிடமோ எப்படிச் சொல்வது? பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்ற பழைய தோட்டக் கணக்கும் உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. இன்று காவலாளி வேலைக்கோ துப்புரவு வேலைக்கோ போகும் அறுபது வயதுக்காரருக்கும் அதே கணக்குதான். விளைவை நாட்டின் பதிவேடு சொல்கிறது: 2012 முதல் 2016 வரை பதிவான பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களில் பத்தில் ஏழுக்கு மேல் மூன்றாம் அல்லது நான்காம் நிலையில் கண்டறியப்பட்டவை. இது எல்லா இனத்தாருக்கும் சேர்த்த கணக்கு. இந்த நோய் நம் நாட்டில் சீனர்களிடம்தான் அதிகம் வருகிறது. ‘அது சீனர்களுக்கு வரும் நோய்’ என்று நம்மவர்கள் அலட்சியமாக இருக்க இந்தப் புள்ளிவிவரமும் ஒரு சாக்கு.

தமிழ் நோயாளியின் கணிப்பில் கட்டிக்கு வெளியே ஒரு பெரிய காரணி உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, மலாய்க்காரர்களில் 22.2, சீனர்களில் 15.1. குடலை வெட்டி இரு முனைகளையும் இணைத்த பிறகு அந்தத் தையல் ஆற வேண்டும், காயத்தில் கிருமி ஏறாமல் இருக்க வேண்டும், இதயமும் சிறுநீரகமும் தாங்க வேண்டும். சர்க்கரை இந்த எல்லா இடத்திலும் குறுக்கே நிற்கிறது. புற்றுநோய் அடியோடு போன ஒருவர் மூன்றாம் ஆண்டில் மாரடைப்பில் இறந்தால் அந்த மரணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? புற்றுநோயால் இறந்தவர்களை மட்டும் எண்ணும் கணக்கில் அவர் வெற்றி. மொத்த மரணக் கணக்கில் தோல்வி. நம் நாட்டு ஆய்வு தரும் 56.8 மூன்றாவது வகை: அதே வயதுள்ள பொதுமக்களின் ஆயுளோடு ஒப்பிட்டுப் பெறும் சார்பு விகிதம். இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மலேசியாவின் மூன்று பெரிய இனங்களில் இந்திய ஆண்களின் ஆயுள்தான் குறைவு. நாடு முழுமைக்கும் ஒரே ஆயுள் அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டால், சர்க்கரையும் இதயநோயும் செய்த கொலைகளில் சில புற்றுநோயின் தலையில் விழும்.

தொலைவும் ஒரு காரணிதான். மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவைக்கு முன் கதிர்வீச்சு கொடுப்பதுண்டு. 1997இல் வெளியான சுவீடன் ஆய்வில் ஐந்தே நாள் கதிர்வீச்சு, நோய் அதே இடத்தில் திரும்புவதை 27 விழுக்காட்டிலிருந்து 11ஆகக் குறைத்தது. ஐந்தாண்டு உயிர்வாழ்வை 48இலிருந்து 58ஆக உயர்த்தியது. நெடிய முறையோ ஐந்து வாரத்துக்கு மேல் போகும். பேராக்கின் அரசு மருத்துவமனை நோயாளிகள் நெடுங்காலமாக இதற்குப் பினாங்குக்கோ கோலாலம்பூருக்கோ போய்வந்தவர்கள். ஐந்து நாளா ஐந்து வாரமா என்பது மருத்துவர்களுக்குச் சிகிச்சை முறைத் தேர்வு. கிரிக்கிலோ பாகான் செராயிலோ இருப்பவருக்கு அது யார் வீட்டில் தங்குவது, பேரப்பிள்ளையை யார் பள்ளிக்குக் கூட்டிப்போவது என்ற கேள்வி. அறுவைக்குப் பின் கீமோ தொடங்குவது ஒவ்வொரு நான்கு வாரம் தள்ளிப்போகும்போதும் மரண அபாயம் ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுகிறது என்று 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ஒரு ‘அப்பாயிண்ட்மெண்ட்’ தவறினால் அடுத்தது எப்போது என்று அரசு மருத்துவமனை வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். சுங்கை சிப்புட்டின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும் மருத்துவருமான டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார் தேவராஜ், நிபுணர்கள் அரசுப் பணியை விட்டுத் தனியாருக்குப் போவதைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசிவருவது இந்த வரிசையை மனத்தில் வைத்துத்தான்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்கிழக்காசியாவின் எட்டு நாடுகளில் 9,513 புற்றுநோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2015இல் வந்தது; மலேசியாவும் அதில் உண்டு. நோய் தெரிந்து ஓராண்டில் 29 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். 48 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தாலும் குடும்பம் நொடித்துப்போயிருந்தது. உயிரும் தப்பி, குடும்பமும் தப்பியவர்கள் 23 விழுக்காடுதான். நம் நாட்டில் குறைந்த வருமானத்தாருக்கான பெக்கா பி40 திட்டம் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளியும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரையும் தருகிறது. தொகை சின்னது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் எந்தக் கணிப்பும் பொய்யாகிவிடும் என்பதை அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளம் என்ற வகையில் எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

பாதியில் விடுவதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து விரல்நுனியை மரத்துப்போகச் செய்யும். குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் மின்சாரம் தாக்கியதுபோல் இருக்கும். சட்டைப் பொத்தான் போடவும், மோட்டார்சைக்கிள் பிரேக்கைப் பிடிக்கவும், இன்னும் சிறுதோட்டத்தில் பால் வெட்டுபவராக இருந்தால் உளியைப் பிடிக்கவும் முடியாமல் போகலாம். 12,834 நோயாளிகளைக் கொண்ட ஆறு ஆய்வுகளின் கூட்டு முடிவு 2018இல் வந்தது. மூன்றாம் நிலையிலேயே அபாயம் குறைந்தவர்களுக்குச் சில மருந்துச் சேர்க்கைகளில் ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதமே ஏறத்தாழப் போதும் என்றது. நரம்புப் பாதிப்போ மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. கணிப்பின் நல்ல பயன் இதுதான் என்பேன். எத்தனை நாள் இருப்பார் என்று சொல்வதைவிட, யாருக்கு எவ்வளவு மருந்து போதும் என்று சொல்வது.

அதே வழியில் அடுத்த அடி ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் மரபணுத் துணுக்குகள். ஆஸ்திரேலியாவில் 455 இரண்டாம் நிலை நோயாளிகளிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவில் அறுவைக்குப் பின் ரத்தத்தில் அந்தத் துணுக்கு தெரிந்தவர்களுக்கு மட்டும் கீமோ கொடுத்தார்கள்; மற்றக் குழுவுக்கு வழக்கமான முறை. கீமோ பெற்றவர்கள் வழக்கமான முறையில் 28 விழுக்காடு, துணுக்கு பார்த்த குழுவில் 15. இரண்டாண்டுக்குள் நோய் திரும்பாதவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமம். சோதனை விலை அதிகம். அரசு மருத்துவமனையின் வாடிக்கைச் சோதனையாக இது வர நாளாகும். விலை இல்லாத இன்னொன்று 2025இல் வந்தது. கீமோ முடித்த 889 பேரில் பாதிப்பேருக்கு மூன்றாண்டு முறையான உடற்பயிற்சிக்கு வழிகாட்டினார்கள். எட்டாம் ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 90.3 விழுக்காடு, வெறும் அறிவுரைக் கையேடு பெற்ற குழுவில் 83.2. பல கீமோ மருந்துகள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இது. ஈப்போவின் போலோ மைதானத்தில் நடக்கப் பணம் கேட்பதில்லை.

இந்த எண்கள் எதுவும் கல்வெட்டு இல்லை. நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் மூன்றாண்டுக்குள் திரும்பிவிடும். ஆகவே இரண்டாண்டைத் தாண்டியவரின் அடுத்த ஐந்தாண்டு வாய்ப்பு, அறுவை அன்று அவருக்குச் சொன்ன எண்ணைவிட மேல். இதை மருத்துவர் தாமாகச் சொல்ல மறந்தாலும் நீங்கள் கேட்கலாம்.

அறுவை முடிந்தவர் வீட்டில் இருந்தால், மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் விண்ணப்பித்து நோயியல் அறிக்கையின் நகலை வாங்கி வையுங்கள். எத்தனை கணுக்கள் பார்க்கப்பட்டன, எத்தனையில் நோய், வெட்டுவிளிம்பு சுத்தமா, மரபணுப் பிழைதிருத்தும் புரதங்களுக்கான சோதனை நடந்ததா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கடைசியாகச் சொன்ன சோதனையின் முடிவு பிள்ளைகளுக்கும் முக்கியமாகலாம். அறுவை வரை போகாதவர்களுக்கு இன்னும் எளிய வழி. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் காட்டும் சோதனை 2014 முதல் கிளினிக் கெசிஹாத்தான்களில் இருக்கிறது. 50 முதல் 75 வயதுவரை, எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் செய்துகொள்ளலாம். ரத்தம் கண்ணுக்கே தெரிகிறது என்றால் அந்தச் சோதனையோடு நிற்காமல், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். மூலம்தானே என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்த மருத்துவர்.